டாக்டருக்குப் பாடு பிரித்த கன்னியம்மா

புது டாக்டர் யாராவது வந்தால் கன்னியம்மா முதலில் அவர் காலைத்தான் பார்ப்பாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது என்ன போட்டிருக்கிறார் என்று. வெள்ளை ஷூ என்றால் மழைக்காலம் தாண்டாது. குதிகால் உயர்ந்த செருப்பு என்றால் பொங்கல் வரை. பக்கத்தில் நிற்கும் பெண்கள், "இது எத்தினி மாசம் தாங்கும்க்கா?" என்று கேட்பார்கள். புது வலை வாங்கும்போது கேட்பதும் இதே கேள்விதான். கன்னியம்மா ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்வாள். பாதி நேரம் தப்பாகப் போகும். நல்ல கெட்டித் தோல் செருப்போடு வந்த ஒருவரைக் காட்டி, "இந்தாளு நின்னு ஆடுவான் பாரேன்" என்றாள். அவர் ஒரு வாரம் இருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை.

எங்கள் ஊர் மணல்மேட்டுக்குப்பம். எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டி காட்டுப்பள்ளிக்குப் போகிற வழியில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ஆறுமாக இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் துறைமுகத்துக் கிரேன்களின் விளக்குகள் தெரியும். இதைத் தூரத்து ஊர் என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். டாக்டர்களும் நம்பவில்லை. உத்தரவில் சென்னைக்குப் பக்கம் என்று பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வருகிறார்கள். வந்த பிறகுதான் கன்டெய்னர் லாரி வரிசையைப் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் மாட்டினால் எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் ஒருவர் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் மேஜைமேல் சாம்பல் படியும். டாக்டர் தங்குவதற்கென்று கட்டிய வீட்டின் கூரை ஒரு புயலில் போனது. அதில் இப்போது யாரோ ஆடு கட்டுகிறார்கள். குழந்தைகளைச் சேர்க்க நல்ல பள்ளிக்கூடமும் பக்கத்தில் இல்லை. போகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் எழுதவில்லை. அவர்கள் போய்விடுகிறார்கள், அவ்வளவுதான்.

கன்னியம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆற்றில் பிடிக்கிற இறாலையும் நண்டையும் எடுத்துப்போய் எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் விற்பாள். அவள் கணவர் ஏழுமலை நெஞ்சுவலியில் துடித்து இறந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரின் நாற்காலி மட்டும் இருந்தது. பிள்ளைகள் இல்லை. தம்பி செல்வம் ஆட்டோ ஓட்டுகிறான். டாக்டரையும் நர்ஸையும் காலையில் ஸ்டேஷனிலிருந்து கூட்டி வருவதும் மாலையில் கொண்டுபோய் விடுவதும் அவன்தான்.

வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து ஆற்றுக்குள் வந்த வருஷத்துக்குப் பிறகு, ஒருநாள் கையால் இறால் தடவிப் பிடிக்க இறங்கிய கன்னியம்மாவின் வலது காலில் சிப்பி கிழித்தது. சின்னக் காயம்தான். ஆனால் அவளுக்குச் சர்க்கரை. காயம் ஆறவில்லை. ஒரு டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார், போய்விட்டார். அடுத்தவர் அந்தக் களிம்பு கூடாது என்று வேறு மருந்து கொடுத்தார், அவரும் போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் "எப்படிம்மா ஆச்சு?" என்றுதான் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஆற்றில் இறங்கியதிலிருந்து சொன்னாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, பாதத்தை எடுத்துவிட்டால் காலாவது மிஞ்சும் என்றார்கள். பாதம் இல்லாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் டாக்டர் கீர்த்தி வந்தார். நாமக்கல் பக்கம். படித்து முடித்து அதிக நாள் ஆகாத பெண். காலில் பிளாட்பாரத்தில் வாங்கிய ரப்பர் செருப்பு. கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று மாதம் எதுவும் சொல்லவில்லை. மறுநாளே காலைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"எப்படிங்கம்மா ஆச்சு?"

"மொதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்தே சொல்லுங்க."

சொன்னாள். கீர்த்தி காயத்தை நெடுநேரம் பார்த்தார். "எடுக்காம முயற்சி பண்ணலாங்கம்மா. ஆனா ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீங்க வந்துடணும். நானே கட்டி விடறேன். நடுவில விட்டுட்டா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"நா வந்துருவேன். நீ இருப்பியாம்மா?"

கீர்த்தி சிரித்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

கன்னியம்மா தவறாமல் போனாள். ஆவணி முடிவதற்குள் காயத்தின் ஓரங்களில் புதுச் சதை வந்தது. "எறா மேரி செவப்பா கீது பார்" என்று தெருவில் எல்லாரிடமும் காட்டினாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களிடமும் காட்டினாள்.

ஐப்பசியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆட்டோவில் வரும்போது நர்ஸ் அஜீசா செல்வத்திடம் சொன்னார். அஜீசா தண்டையார்பேட்டைக்காரர், எங்கள் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக இருப்பவர். டாக்டர்கள் மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் இருப்பது அவர் ஒருவர்தான். "மேலேர்ந்து கேட்டுகினு கீறாங்க செல்வம். கூட்டமே இல்லாத எடத்துக்கு இன்னாத்துக்குத் தனியா ஒரு டாக்டருன்னு. எண்ணூருக்கு மாத்திடுவாங்களோன்னு பயமா கீது."

கூட்டம் இல்லை என்பது உண்மைதான். எங்கள் ஊரில் படுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். நடக்க முடிகிற ஆள் கடலுக்குப் போய்விடுவான்.

ஞாயிற்றுக்கிழமை வலைக்கூடத்தில் ஊர் கூடியது. ஆண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வெளியே பூவரச மரத்தடியில் நின்றார்கள். ஒருவர் மறியல் செய்யலாம் என்றார். லாரியே ஓடாத ரோட்டில் எதை மறிப்பது என்று இன்னொருவர் கேட்டார். எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். இதே பேச்சை இதற்கு முன்னும் பேசியிருக்கிறார்கள். அப்போது மரத்தடியிலிருந்து கன்னியம்மா குரல் கொடுத்தாள்.

"தலைவரே, ஆத்துக்குப் பாடு பிரிக்கிறீங்கல்ல?"

ஊர்த் தலைவர் திருமுருகன் திரும்பிப் பார்த்தார். "ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"அதே மேரி ஆஸ்பத்திரிக்கும் பிரி. தெனம் ஒரு தெரு. வூட்டுக்கு ஒரு ஆளு போயி குந்தணும். கூட்டம் தானா வந்துகினு இருக்கும்ல?"

"ஒடம்பு நல்லா கீறவன் போயி இன்னாத்தச் சொல்றது?" என்று உள்ளிருந்து ஒருவன் கேட்டான்.

"நீ வாயத் தொறந்து காட்டு நைனா. அதுவே பெரிய வியாதிதான்."

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆற்றில் மீன் வருகிற ஓடை குறுகலானது. எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் கிடைக்காது. அதனால் இன்ன நாள் இன்னாருக்கு என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டு நாளில் ஓடையில் வலையை இறக்குகிறவனுக்கு ஊர் அபராதம் போடும். அபராதத்தை விட மோசம், அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். டாக்டருக்கோ நர்ஸுக்கோ தெரியாது. அவர்களிடம் சொல்லக்கூடாது என்றும் அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். அவசரம் என்றால் யாரும் எப்போதும் போகலாம் என்று தலைவர் சொல்லத்தான் சொன்னார். எது அவசரம் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை கடலோரத் தெருவின் பாடு. கதவு திறப்பதற்குள் ஆஸ்பத்திரித் தாழ்வாரம் நிறைந்துவிட்டது. லாஞ்சில் வேலை பார்க்கிற பிரகாஷ் முதல் ஆளாக உள்ளே போனான். பனைமரம் மாதிரி இருப்பான்.

"என்னங்க பண்ணுது?"

"முதுகு வலி டாக்டரம்மா."

கீர்த்தி அழுத்திப் பார்த்தார். "இங்கயா?"

"ம், அங்கியும் வச்சிக்கோங்க."

அடுத்துப் போக வேண்டிய கிழவர் வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். "டேய், நா இன்னாடா சொல்லணும்?"

"உனுக்கு மூட்டு, பெர்சு. முதுகு என்னுது."

முதல் வாரம் இது வேடிக்கையாக இருந்தது. கன்னியம்மா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இருக்கிற இடத்திலிருந்து டாக்டரை எடுக்க மாட்டார்கள். டாக்டர் இருந்தால் கால் இருக்கும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை அவள் கட்டு மாற்றிக்கொள்ள வேண்டிய நாள். வழக்கம்போலக் கிளம்பிப் போனாள். அன்று கோயில் தெருவின் பாடு. ஆஸ்பத்திரிக் கேட்டருகே அந்தத் தெரு ஜெயஸ்ரீ நின்றிருந்தாள். அவளுக்கும் கன்னியம்மாவுக்கும் பஸ் ஸ்டாப்பில் இடம் பிடிப்பதில் பழைய சண்டை உண்டு.

"இன்னாக்கா, இந்தாண்ட? உங்க தெரு வியாழக்கெழமல்ல?"

"கட்டு மாத்தணும்டி."

"பாடு பிரிச்சவளே பாட்டத் தாண்டுறா. ஏம்மா, பாத்துக்கினீங்களா எல்லாம்? நாளைக்கு என் வூட்டுக்காரு உங்க ஓடைல வலைய எறக்குவாரு. கேக்கக் கூடாது, ஆமா."

தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கன்னியம்மா திரும்பி வந்துவிட்டாள். தான் மீறினால் நாளைக்கு எல்லாரும் மீறுவார்கள், அப்புறம் கூட்டம் கலைந்துவிடும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததாகப் பின்னால் சொன்னாள். ஜெயஸ்ரீ சொன்னதும் உறைத்தது என்பதையும் சொன்னாள்.

மாலையில் செல்வம் வந்தான். "யக்கா, டாக்டரு கேக்குது, ஏன் வரலன்னு."

"வியாழக்கெழம வரேன்னு சொல்லு."

"அப்ப கட்டு?"

"வென்னில கழுவி நானே கட்டிக்கினேன்."

"அது இன்னா தலமுடியா, நீயே கழுவி நீயே கட்டிக்கினு போறதுக்கு?"

"போடா, வந்துட்டான் பெரிய டாக்டரு."

வியாழக்கிழமை போனாள். கூட்டத்துக்கு நடுவே கீர்த்தி அவசரமாகக் கட்டு மாற்றினார். "ஏங்கம்மா வரல?" என்றதற்கு "வேலம்மா" என்றாள். கீர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் ஒருவர் இருமிக் காட்டினார். அடுத்த வியாழக்கிழமை டாக்டருக்கு வெளியே ஏதோ கூட்டம் என்று கூப்பிட்டிருந்தார்கள். அஜீசா ஊசி போடுவதிலும் மாத்திரை கொடுப்பதிலும் நிமிரவில்லை. கன்னியம்மா ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அந்த நாட்களில் டாக்டரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்காமலே ஆட்டோவில் திரும்பிப் போகும். "இந்த ஊர்ல இவ்வளவு வியாதிங்களா, சிஸ்டர்?" என்று வண்டியில் கேட்பாராம். "யா அல்லா, எனுக்கே புரியலம்மா. ஊரே திடீர்னு படுத்துருச்சு" என்பாராம் அஜீசா. செல்வம் கண்ணாடியில் இருவரையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் ஓட்டுவான். ஊர்க் கட்டுப்பாடு.

மூன்றாவது வியாழக்கிழமை கன்னியம்மா உள்ளே வந்து காலை ஸ்டூலில் வைத்தபோது, கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே அஜீசா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவிழ்த்ததும் கீர்த்தி குனிந்து பார்த்தார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கறுப்பு பாதத்துக்கு ஏறத் தொடங்கியிருந்தது.

"இத்தனை நாளா எங்க இருந்தீங்க?"

"வூட்லதாம்மா."

"உங்க வீடு இங்கிருந்து தெரியுது. ஏன் வரல?"

கன்னியம்மா தரையைப் பார்த்தாள். வாசலில் முறைக்காக நின்ற அவள் தெருக் கிழவர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. "அது வந்து, பாடு டாக்டரம்மா. இன்னிக்குத்தான் எங்க தெருவு. தாண்டி வரக்கூடாது."

ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் கீர்த்திக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தார். "உங்கள்ல உண்மையிலேயே உடம்பு சரியில்லாதவங்க யாருங்க? கை தூக்குங்க."

ஒருவர் தூக்கினார். தயங்கி இன்னொருவர். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீர்த்தி வெளியே பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே வராமல், ஜெயஸ்ரீ நின்றிருந்தாள். அவள் தோளில் அவளுடைய பெண் குழந்தை துவண்டு கிடந்தது.

"நீங்க ஏன் வெளியவே நிக்கிறீங்க?"

"எங்க பாடு செவ்வாக்கெழமம்மா. காய்ச்சல் அனலா அடிக்குது. கூட்டம் போன அப்பால கேக்கலாம்னு நின்னுகினு இருந்தேன்."

கீர்த்தி தானே போய்க் கேட்டைத் திறந்து குழந்தையை வாங்கினார். அப்போது அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும்.

குழந்தைக்கு மருந்து கொடுத்து அஜீசாவிடம் விட்டுவிட்டு, கன்னியம்மாவைச் செல்வத்தின் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தானும் கூடவே போனார். எண்ணூர் தாண்டுவதற்குள் லாரி வரிசை நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர், பின்னால் கன்டெய்னர், நடுவில் ஆட்டோ. நகர வழியில்லை. இந்தப் பேச்சு செல்வம் சொல்லி எனக்குத் தெரியும்.

"எதுக்குங்கம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கீர்த்தி கேட்டார்.

"நீ பூடுவேன்னுதான்."

"நான் போறேன்னு யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? வந்தவங்க எல்லாம் பூட்டாங்களே."

கீர்த்தி வெளியே லாரியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "அன்னிக்கு நீங்க இருப்பியான்னு கேட்டீங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும். நான் போவேங்கம்மா. மார்ச்சோட எனக்கு இங்க முடியுது. மேல படிக்கப் போறேன். கூட்டம் வந்தாலும் போவேன், வராட்டியும் போவேன். கூட்டம் இல்லைன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு அப்பவே நான் பதில் சொல்லியாச்சு. மார்ச் வரைக்கும் என்னை யாரும் அசைக்கப் போறதில்ல."

கன்னியம்மா முன் சீட்டைத் தட்டினாள்.

"டேய் செல்வம், இப்போ இன்னா மாசம்டா?"

"கார்த்திக பொறந்துருச்சுக்கா."

"மார்ச்சுக்கு நாளு கீதே," என்றாள். அழுகிறாளா என்று செல்வம் கண்ணாடியில் பார்த்தான். அழவில்லையாம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம்.

விரல்கள் ஐந்தையும் பாதத்தின் முன்பகுதியையும் எடுத்தார்கள். குதிகால் தப்பியது. ஊரில் தலைவர் மறுபடி வலைக்கூடத்தில் ஆட்களைக் கூட்டி, ஆஸ்பத்திரிக்குப் பாடு கிடையாது, யாரும் எந்த நாளும் போகலாம் என்று அறிவித்தார். அன்று கன்னியம்மாவைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே பெரிய விஷயம். அவள் வீடு திரும்பிய அன்று ஜெயஸ்ரீ ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னாடி, உன் பாடா இன்னிக்கு?" என்றாள் கன்னியம்மா.

"நீ ஒருத்தி. குடிச்சித் தொலை," என்று சொல்லிவிட்டு ஜெயஸ்ரீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன் பிறகு தாழ்வாரம் பழையபடி காலியானது. கீர்த்தி மத்தியானச் சோற்றை மத்தியானமே சாப்பிட்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செல்வம் அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவான். கீர்த்தி கட்டு மாற்றுவார். தை வந்தது, மாசி வந்தது. புண் சுருங்கிக்கொண்டே வந்தது. கன்னியம்மா தெருவில் யாருக்கும் அதைக் காட்டவில்லை. ஒருமுறை என்னிடம் சொன்னாள். "எல்லாம் இருக்கேன் இருக்கேன்னுட்டுப் பூட்டானுங்க. இந்தப் பொண்ணுதான் போவேன்னு சொல்லிட்டு இருந்துச்சு. அன்னிக்கே அத நல்லா குந்த வச்சிக் கேட்டிருக்கணும். சிரிச்சுதேன்னு நானும் வுட்டுட்டேன்."

மார்ச் கடைசியில் கீர்த்தி போனார். புண் முழுதாக மூடவில்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓரிடம் மட்டும் திறந்தே இருந்தது. "இன்னும் கொஞ்சம்தாங்கம்மா" என்று கடைசிக் கட்டைக் கட்டிவிட்டு ஆட்டோவில் ஏறினார். மாலை எல்லாம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டார். கன்னியம்மா ஒரு பை நண்டு கொடுத்தாள். நாமக்கல் ரயிலில் அது என்ன ஆனது என்று தெரியாது.

பிறகு நாற்காலி காலியாகக் கிடந்தது. வெயில்காலம் முழுக்க அஜீசாதான் மற்ற வேலைகளுக்கு நடுவே அந்தக் கட்டை மாற்றினார். "நா டாக்டரு இல்லக்கா, எனுக்குத் தெரிஞ்சதப் பண்றேன்" என்பார் ஒவ்வொரு தடவையும். அந்த நக அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆனி மாதம் ஒரு காலை ஆட்டோவில் புது டாக்டர் வந்து இறங்கினார். வேதமாணிக்கம் என்று பெயர். பெண்கள் அவர் காலைப் பார்த்துவிட்டுக் கன்னியம்மாவைத் தேடினார்கள். அவள் வாசலில் இல்லை. முன்பே உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் என்ன போட்டிருந்தார் என்று அவள் பார்க்கவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் ஆளாகப் போய், மிச்சமிருந்த பாதத்தை ஸ்டூலில் வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"மொதல்லேர்ந்தா சார்?"

"ம், சொல்லுங்க."

"சொல்றேன். கொஞ்சம் நேரமாவும். அதுக்கு முன்னாடி நீங்க எத்தினி மாசம் இருப்பீங்க, அதச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். கன்னியம்மா சிரிக்கவில்லை. காலை ஸ்டூலிலிருந்து எடுக்காமல், அவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.